பதினான்காம் அறையில் மூன்று பெயர்கள்

நான் எழுதிய நிரல்களிலேயே சின்னது அதுதான். நாற்பது வரிகூட இருக்காது. எட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வங்கிக்கு எழுதியிருக்கிறேன், கப்பல் கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன். அவற்றில் எத்தனை பிழை விட்டேன் என்று எனக்கே தெரியாது. அதற்காக ஒரு நாளும் சோறு இறங்காமல் போனதில்லை. இந்த நாற்பதில் ஒரு வரியை மட்டும் எழுதாமல் இருந்திருக்கலாமே என்று தினமும் நினைக்கிறேன். அதை எழுத எனக்கு அரை நிமிடம்தான் ஆனது.

விருதுநகரில் அம்மாவோடு இருக்கிறேன். வேலை வீட்டிலிருந்தேதான். அக்காவை சிவகாசிக்கு அந்தப் பக்கம், விஸ்வநத்தம் தாண்டி ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மச்சானுக்குக் கொஞ்சம் மக்காச்சோளக் காடு இருக்கிறது. அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஒரு பட்டாசு ஆலையின் அறைகள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒன்று வெடித்தால் அடுத்ததாவது தப்பட்டும் என்று இடம் விட்டு இடம் விட்டுக் கட்டியிருப்பார்கள். அந்த இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அக்கா அதைப் பார்த்தபடியே வடகம் காயப்போடுவாள்.

ஆலை முதலாளி மச்சானுக்குத் தெரிந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும் அப்படித்தான். ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர், பாயசம் வருவதற்குள் வேலையைச் சொல்லிவிட்டார்.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றீகளாம். எங்களுக்கு ஒரு லிஸ்டு போட்டுக் குடுங்களேன். எந்த ரூம்ல யார் யாரு இருக்காகன்னு காலையில எல்லார் போனுக்கும் வந்துரணும். அம்புட்டுத்தான்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. யார் எந்த அறை என்று கேட்டில் ஒருவர் நோட்டுப் போட்டு எழுதுவார். ஆலங்குளத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், குரலே உயராது. அவருக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கும். போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் எல்லோரும் அதில் போட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே ஏதாவது என்றால் எல்லோரும் வெளியே வேப்பமரத்தடிக்கு ஓடி வர வேண்டும், போர்மேன் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு தடவை சும்மா புகை வந்ததற்கே நோட்டு கைமாறிக் கைமாறிப் பக்கம் கிழிந்துபோய், யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று தெரியாமல் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அண்ணாச்சிக்கு இந்த யோசனை வந்தது.

வேலை என்று பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. கேட்டில் இருப்பவர் நோட்டில் எழுதுவதையே ஒரு கம்ப்யூட்டரிலும் அடிப்பார், வரிக்கு ஓர் ஆள்: அறை எண், பெயர். என் நிரல் அதை வாங்கி, ஒரே அறைக்காரர்களை ஒன்றாகச் சேர்த்து, பெயர்களுக்கு நடுவில் கமா போட்டு, அறைக்கு ஒரு வரியாக அனுப்ப வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் இந்தக் கமாவில்தான் தடுக்கி விழுவார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் கமா போட்டுக்கொண்டே போனால், கடைசிப் பெயருக்குப் பின்னாலும் ஒன்று அசிங்கமாகத் தொங்கும். நான் எழுதும் பைத்தான் என்கிற கணினி மொழியில் அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. பட்டியலைக் கொடுத்தால் நடுவில் மட்டும் கமா வைத்துக் கோத்துக் கொடுத்துவிடும். எனக்கு அந்தக் கட்டளைமேல் எப்போதும் ஒரு பிரியம் உண்டு. கோத்த தடமே தெரியாது. வந்த வரியை மட்டும் பார்த்தால், மூலப் பட்டியலில் என்ன இருந்தது, எது விடுபட்டது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதையும் அன்று ஓர் அழகு என்றுதான் நினைத்தேன்.

லிஸ்ட் தயாரானதும் அக்கா வீட்டுக்குப் போய்ப் பெருமையாகக் காட்டினேன். அவளும் பெருமையாக ஒன்று சொன்னாள்.

"நானும் போன வாரம் ரெண்டு நாளு அங்கன சரவெடி பின்னப் போயிட்டு வந்தேன்லே. பக்கத்து வீட்டுக்காரிக்கு மேலுக்கு முடியல. அவளுக்கு மாத்தாளாப் போனேன்."

மாற்றாள் போவது அங்கே சாதாரணம். சீசனில் ஒருத்தி லீவு போட்டால் அவள் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் கொழுந்தன் பெண்டாட்டியையோ பக்கத்து வீட்டுக்காரியையோ தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் நிற்பார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் என் அக்கா அந்த இடைவெளி விட்ட அறைகளில் ஒன்றுக்குள் உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் தெருவே கேட்கும்.

"ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ரெண்டு பிள்ளையப் பெத்தவ மாதிரியா பேசுற?"

"வீட்ல சோளக் கருதப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கச் சொல்றியா? அங்கன போனா நாலு பேரு மொகத்தப் பாக்கலாம், நாலு வார்த்தை சிரிச்சுப் பேசலாம்."

"சிரிச்சுக்கிட்டே சாவு. இனிமே அந்தக் கேட்டத் தாண்டுனேன்னு தெரிஞ்சுது, இந்த வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். அக்கா தம்பிங்கிறது அன்னையோட சரி. லிஸ்டு மொதல்ல எம் போனுக்குத்தான் வரும், ஞாபகம் வச்சுக்க. ஒம் பேரு வந்துச்சுன்னா பாரு."

அக்கா எனக்கு மோர் கலந்து கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மச்சான் மட்டும், "விடுங்க மாப்ள, அவ இனி போக மாட்டா" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணி தாண்டியதும் லிஸ்ட் என் போனுக்கு வரும். முப்பது அறை, முப்பது வரி. காபியைக் குடித்துக்கொண்டே மேலிருந்து கீழே அக்காவின் பெயரைத் தேடுவேன். இருக்காது. அந்த நிம்மதியோடுதான் என் வேலையைத் தொடங்குவேன். யாராவது கேட்டிருந்தால், அக்காவுக்குக் காவல் போட்டு வைத்திருக்கிறேன் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

ஆடி பிறந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் காற்று புழுதியையும் அள்ளிக்கொண்டு வரும், எதைத் தொட்டாலும் வறவறவென்று இருக்கும். தீபாவளி ஆர்டர் குவிந்து ஆலைகள் மூச்சுவிடாமல் ஓடுவதும் அதே மாதத்தில்தான். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் நடந்து கிளம்புவதும் அப்போதுதான். மாற்றாட்கள் அதிகம் வரும் காலம் அது. ஒருநாள் காலை லிஸ்ட் வரவில்லை. போர்மேன் கூப்பிட்டார்.

"தம்பி, லிஸ்டு வரலியே. ஆளுகள உள்ள விடாம கேட்டுல நிறுத்தி வச்சிருக்கேன். அண்ணாச்சி சத்தம் போடுறாக."

நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். ஒரு காதில் அது, ஒரு காதில் இது. திறந்து பார்த்தால், கேட்டில் அடித்த வரிகளில் ஒன்றில் அறை எண் பதினான்கு என்று இருக்கிறது, பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. கோக்கும் கட்டளைக்கு வெறுமையைக் கோக்கத் தெரியாது. கொடுத்த பட்டியலில் ஒன்று சொல்லாக இல்லாவிட்டால், கோக்க மாட்டேன் என்று அப்படியே நின்றுவிடும். பெரியவர் விரல் தவறி ஒரு வரி அதிகமாகத் தட்டிவிட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். காலியாக இருப்பதைத் தள்ளிவிட்டு மற்றதைக் கோத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன். லிஸ்ட் போய்விட்டது. பதினான்காம் அறையில் மூன்று பெயர்கள், நடுவில் இரண்டு கமா, பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஆட்கள் உள்ளே போனார்கள்.

அன்று சாயங்காலமே கேட்டுக்காரர் தயங்கித் தயங்கிப் போன் செய்தார்.

"தம்பி, நான் ஒரு வரிய வெறுமன விட்டதாலதான் காலையில நின்னு போச்சுன்னாக. இனிமே அப்படி விட்டா தொந்தரவு இருக்குமா?"

"ஒரு தொந்தரவும் இல்ல. எத்தன வரி வேணும்னாலும் விடுங்க. அது பாத்துக்கிடும்" என்று பட்டென்று வைத்துவிட்டேன். எதற்காக விடுகிறீர்கள் என்று கேட்க என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். கணினி தெரியாத மனிதர் தப்புத் தப்பாகத் தட்டுகிறார், நான் அதற்கு ஓர் அணை கட்டி வைத்திருக்கிறேன் என்பதுதான் அப்போது என் நினைப்பு.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு முந்தின நாள். காலையில் லிஸ்ட் வந்தது. அக்கா பெயர் இல்லை. பதினொன்றரை மணி இருக்கும், அம்மா தன் போனை நீட்டிக்கொண்டு என் அறைக்குள் வந்தாள். யாரோ அனுப்பிய வீடியோ. தட்டையான கரிசல் காட்டுக்கு அப்பால் வெள்ளைப் புகை எழும்பி நின்றது. உள்ளே விட்டு விட்டு வெடித்துக்கொண்டிருந்தது.

"ஏய்யா, இது அக்கா ஊருப் பக்கம் மாதிரி இல்ல?"

எனக்கு அந்த ஆலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உடனே லிஸ்டைத் திறந்து மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தேன். இல்லை. எனக்கு உயிர் வந்தது. அந்த நேரத்தில் வேறு நூறு குடும்பங்களுக்கு என்ன ஆனதோ என்று ஒரு கணம்கூட நான் நினைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"அக்கா அங்க இல்லம்மா. லிஸ்டுல இல்ல."

"லிஸ்டு கெடக்கட்டும்யா. அவளுக்கு ஒரு போனப் போடு."

"நான் போட்ட லிஸ்டும்மா! அதுல தப்பு வராது."

"எனக்கு அவ குரலக் கேக்கணும்."

சலித்துக்கொண்டுதான் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சமையலில் இருப்பாள் என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னாள். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அம்மாவிடம் சத்தம் போட்டுக்கொண்டே போட்டேன். எடுத்தது ஓர் ஆண்குரல்.

"ஹலோ, யாருங்க? இது கேட்டுப் பெட்டியில கெடந்த போனு. எல்லாரும் அவுக அவுக போன எடுத்துட்டாக, இது மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கு. தம்பின்னு வருது."

ஆலங்குளத்துக்காரர் குரல் அது. நான் என் பெயரைச் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, வாழ்க்கையில் குரல் உயர்த்தாத அந்த மனிதர் அலறினார். என்னிடம் அல்ல.

"ஏ, பதினாலுல இன்னொரு ஆளு இருக்கு! பொம்பள ஆளு! உள்ள இருக்கு!"

போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டார். யாரும் அதை அணைக்கவில்லை. கால்கள் ஓடும் சத்தத்தையும் வெடிச் சத்தத்தையும் நானும் அம்மாவும் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தோம்.

நடந்ததைப் பிறகு பலர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வெடித்தது பன்னிரண்டாம் அறை. அக்கா அப்போது பதினான்குக்குப் பின்னால் நூல் எடுக்கப் போயிருந்தாள். அதிர்வில் அங்கே சுவர் அவள்மேல் சாய்ந்துவிட்டது. அவளோடு இருந்த மூன்று பேரும் முன்பக்கமாக ஓடினார்கள். அவள் பின்வேலி வழியாக வெளியேறியிருப்பாள் என்று நினைத்திருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் போர்மேன் போனைப் பார்த்து ஒவ்வொரு வரியாக வாசித்திருக்கிறார். பதினாலு என்றபோது மூன்று பேரும் கை தூக்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, "நாங்க நாலு பேருல்ல?" என்று கேட்டிருக்கிறாள்.

"போன்ல மூணுதாம்மா இருக்கு" என்று போர்மேன் திருப்பிக் காட்டியிருக்கிறார்.

அவள் பார்த்திருக்கிறாள். மூன்று பெயர், இரண்டு கமா. அச்சடித்ததுபோல் இருந்ததும் அவளுக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சரி, அக்கா பெயரை வேறு அறையில் எழுதியிருப்பார்களோ என்னவோ என்று வாயை மூடிக்கொண்டாள். முப்பது வரியும் வாசித்து முடித்ததும் போர்மேன், "ஆள் பூரா வந்தாச்சு, யாரும் உள்ள போகாதீக" என்று அறிவித்துவிட்டார். தீயணைப்பு வண்டி வந்தபோதும் அதையே சொன்னார். கால் மணி நேரம் எல்லோரும் வெளியே நின்று, கும்பிட்ட சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டு, அறைகள் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர் விழுந்தபோது அக்கா பக்கத்தில் தீ இல்லை. தீ அந்தக் கால் மணி நேரத்தில்தான் அங்கே வந்தது.

உயிர் இருந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். வலது கை, கழுத்து, முதுகில் பாதி. "இன்னும் கொஞ்சம் முந்தி வெளிய எடுத்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது" என்றார் டாக்டர். அவருக்கு என்ன தெரியும், யாரிடம் சொல்கிறோம் என்று.

இரண்டாம் நாள் ஆலங்குளத்துக்காரர் வந்தார். நோட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை என் மடியில் விரித்தார். பதினான்காம் அறைக்கு நேரே மூன்று பெயர்கள், அதன்கீழ் வெறும் கோடு.

"மாத்தாளுக சில பேரு, பேரு வேணாம் அண்ணேம்பாக. அதுக்குத்தான் வரிய விட்டு வைப்பேன். வெறும் வரின்னா ஆளு இருக்குன்னு அர்த்தம் தம்பி. ஆளு இல்லேன்னா நான் எதுக்கு வரி விடப் போறேன்? இருபது வருசமா இங்கன எல்லாருக்கும் தெரியுமே."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவர்கள் கையில் நோட்டு இருந்திருந்தால் போர்மேனே அந்த வெறும் கோட்டைப் பார்த்ததும் நின்றிருப்பார். நான்தான் அந்தக் கோட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் இழுத்துக் கோத்துக் கொடுத்திருக்கிறேன். என் அக்காவை நான் என் கையால் வழித்துப் போட்டிருக்கிறேன். அவர் போன பிறகு வராந்தாவில் உட்கார்ந்தபடியே போனில் அந்த வரியை மாற்றினேன். பெயர் இல்லாவிட்டால் 'ஒருவர்' என்று போடும்படி. ஆலை திறந்தபின் வரும் லிஸ்டில் இப்போதும் சில நாள் ஒருவர், சில நாள் இரண்டு அறைகளில் ஒருவர். யார் பெற்ற பெண்களோ, யாருக்குத் தெரியாமல் போகிறார்களோ. அந்தக் காலைகளில் சாயங்காலம் வரை எனக்கு வேலை ஓடுவதில்லை.

ஆறாம் நாள் அக்கா தெளிவாகப் பேசினாள். அம்மா இட்லி வாங்கக் கீழே போயிருந்தாள். இதைவிட்டால் எனக்குத் தைரியம் வராது என்று, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெறும் வரி, மீட்டிங், அரை நிமிடம், கேட்டுக்காரருக்கு நான் சொன்ன பதில், எல்லாம். லிஸ்டில் அவள் இல்லாமல் போனது என்னால்தான் என்றேன். சொல்லும்போதே அழுகை முட்டியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தன நாளா மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு அலையுற? நீ என்னத்தலே எடுத்தே? நான்தான் அவுககிட்ட எம் பேரப் போடாதீகன்னு கேட்டுக்கிட்டேன்."

"ஏங்க்கா?"

"லிஸ்டு மொதல்ல ஒனக்குல்ல வரும்? எம் பேரப் பாத்தா அன்னைக்கு மாதிரி கத்துவே. வீட்டுக்கே வர மாட்டேன்னு வேற சொல்லிட்டே. நீ சொன்னாச் செய்யிற ஆளு. அந்த ஒண்ணுக்குத்தாம்லே பயந்தேன்."

என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னாள். பாரம் இறங்கியிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, லேசாகச் சிரிக்கவும் செய்தாள். கழுத்துக் கட்டு இழுத்ததில் சிரிப்பு பாதியில் நின்றது. மருந்து நெடிக்கும் வெடி நெடிக்கும் பயப்படாதவள் என் சத்தத்துக்குப் பயந்து தன் பெயரை மறைத்திருக்கிறாள். தண்ணி வேணும் என்றாள். டம்ளரை எடுத்து அவளுக்குப் புகட்டினேன்.